ஸைகல்: வாளின் மெருகும் அதன் அமானிதமும்

அரபு மொழியில் வாளுக்கு வழங்கும் பெயர்கள் மிகப் பல. அவற்றை வகைப்படுத்திப் பார்க்கும்போது மூன்று வழிகளில் அவை பிறந்திருப்பதைக் காண்கிறோம். வெட்டும் திறத்தால் வந்தவை ஹுஸாம், ஸாரிம் போன்றவை. ஊரால், நாட்டால் வந்தவை யமானீ, மஷ்ரஃபீ, முஹன்னத் போன்றவை. மெருகால் வந்தது ஸகீல். அதாவது, தேய்த்துத் துலக்கப்பட்டது. வாளின் கூரையும் அது பிறந்த மண்ணையும் பேசிய மொழி, அதன் மெருகையும் அவற்றுக்கு இணையாக வைத்தது. அந்த மெருகைத் தந்த கைவினைஞனுக்கும் தனிப்பெயர் சூட்டியது. அவன் பெயர் ஸைகல். அவர்கள் பலராயின் ஸயாகிலா.

இஸ்லாமியப் பண்பாட்டு வரலாற்றில் வாளைப் பற்றிப் பேசியோர் பலர். போரையும் வீரரையும் பாடியோர் அதனினும் பலர். வாளைத் துலக்கியவனைப் பற்றி நம்மிடையே பேச்சு எழுவதில்லை. ஆயினும் அவன் கைத்திறன் இல்லாவிடில் நாம் இன்று அருங்காட்சியகங்களில் வியந்து நோக்கும் ஜவ்ஹர் என்னும் நீரோட்டக் கோலத்தை எவரும் கண்டிருக்க இயலாது. அவன் கலையின் வரலாற்றையும், அவன் இடத்தை இன்று பிடித்துள்ள மின்சார பஃபிங் சக்கரம் பழைய வாள்களுக்கு என்ன செய்கிறது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அல்கிந்தீயின் வாள் நூல்

ஹிஜ்ரி 223இல் (கி.பி. 838) கலீஃபா அல்முஃதஸிம் அமோரியம் கோட்டையை வென்றபோது, கவிஞர் அபூ தம்மாம் பாடிய கஸீதா அரபு இலக்கியம் பயில்வோர் அனைவரும் அறிந்தது. சோதிடர்களின் ஏடுகளைவிட வாளே உண்மை சொல்லும் என்பது அதன் தொடக்கக் கருத்து. அதே கலீஃபாவின் விருப்பத்திற்கிணங்கத்தான் 'அரபுகளின் தத்துவ அறிஞர்' என்று போற்றப்பெறும் அபூ யூஸுஃப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்கிந்தீ வாள்களையும் இரும்பையும் பற்றி ஒரு நூல் எழுதினார். வாளை ஏட்டுக்கு மேலாக வைத்த கவிதை பிறந்த அரசவையிலேயே வாளுக்கென ஓர் ஏடும் பிறந்தது.

அல்கிந்தீ இரும்பைச் சுரங்கத்தில் கிடைப்பது, அவ்வாறு கிடைக்காதது என இரண்டாகப் பகுத்தார். முதல் வகையில் வன்மையானது ஷாபுர்கான், மென்மையானது நர்மாஹன். இவற்றைத் தூய்மை செய்து உருக்கி மனிதன் ஆக்கிக்கொள்வது ஃபூலாத், அதாவது உருக்கு. அது இரண்டாம் வகையைச் சேரும். உருக்கு வாள்களை அதீக், முஹ்தஸ் என்றும், இரண்டிலும் சேராதவை என்றும் பிரித்தார். அதீக் என்பதற்கு 'பழையது' என்று பொருள் கொள்ளுவது வழக்கம். ஆனால் அல்கிந்தீ இங்கு காலத்தைக் கருதவில்லை. உயர்குலக் குதிரையை அதீக் என்பதுபோல, வாளின் உயர் பண்பையே அச்சொல்லால் குறித்தார். எனவே நேற்று அடித்த வாளும் அதீக் ஆகலாம், நூறாண்டு கண்ட வாளும் அதீக் ஆகாமல் போகலாம். யமன் வாள், கலஈ வாள், இந்திய வாள் ஆகிய மூன்றையும் அவர் இவ்வுயர் வகையில் சேர்த்தார்.

ஒரு வாளை இன்ன வகை என்று அவர் எதைக் கொண்டு தீர்மானித்தார்? நீளம், அகலம், எடை ஆகியவற்றை அவர் குறித்திருக்கிறார். ஆயினும் அவர் மிகுதியும் நம்பியது வாளின் முகத்தில் தெரியும் கோலத்தையும், அக்கோலம் அமைந்துள்ள தளத்தின் நிறத்தையுமே. இக்கோலத்தை அவர் ஃபிரிந்த் என்கிறார். பிற்காலத்தார் ஜவ்ஹர் என்றனர். ஒரு பொருளின் சாரத்தைக் குறிக்க மெய்யியலார் எடுத்தாண்ட சொல்லும் இதுவே. வாளின் முகத்தில் தெரிவது மேற்பூச்சு அன்று, அதன் உள்ளியல்பே என்ற தெளிவு அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

தமிழ் மண்ணும் சரந்தீபும்

முஹன்னத் என்ற பெயரே இந்திய இரும்பின் புகழுக்குச் சான்று. கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருமுன் பாடிய 'பானத் ஸுஆத்' கஸீதாவில், நபிகளாரை உருவிய முஹன்னத் வாளுக்கு ஒப்பிட்டார்கள். ஆகவே நம் நாட்டு உருக்கின் பெயர் அந்தத் திருச்சபையிலேயே ஒலித்திருக்கிறது.

அந்த உருக்கு பிறந்த நிலப்பகுதியில் தமிழகமும் அடங்கும். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் சங்க காலத்து இரும்பு, உருக்குத் தொழிலின் தடயங்களை வெளிக்கொணர்ந்தன. பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் இவ்வூரே என்பர். மேல்சிறுவளூரில் உருக்கு வார்த்த மூசைகளின் சிதைவுகள் கண்டறியப்பட்டன. கன்னடத்தில் உக்கு, தமிழில் உருக்கு என வழங்கும் சொல்லே ஐரோப்பியர் வாயில் 'வூட்ஸ்' ஆயிற்று என்பது அறிஞர் கொள்கை. அச்சொல் 1795ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொஸைட்டியில் ஜார்ஜ் பியர்சன் அளித்த கட்டுரை வாயிலாக அறிவியல் உலகுக்குள் நுழைந்தது.

சரந்தீபு உருக்கைப் பற்றியும், அதனைக் கொண்டு கடல் கடந்த ஊர்களில் வாள் அடிக்கப்பட்டதைப் பற்றியும் அல்கிந்தீ எழுதியிருக்கிறார். இதனைக் கதை என்று எண்ணியிருந்தோரும் உண்டு. இலங்கையின் சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய உலைகளைக் கில் ஜூலெஃப் ஆராய்ந்து, 1996இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அவை கி.பி. 7 முதல் 11 வரையான நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அல்கிந்தீ வாழ்ந்த 9ஆம் நூற்றாண்டு அதற்குள் அடங்குவதைக் கருதும்போது, பக்தாதில் அமர்ந்து எழுதிய அந்தப் பேரறிஞரின் செய்தி எத்துணை நம்பகமானது என்பது விளங்கும்.

இந்திய உருக்கு மட்டுமே உலகை ஆண்டது என்று கூறுவதும் பொருந்தாது. இன்றைய துர்க்மெனிஸ்தானில் உள்ள மர்வு நகரில் 9, 10ஆம் நூற்றாண்டுகளில் மூசை உருக்கு வார்த்த பட்டறை அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. முஸ்லிம் உலகம் பிறரிடம் வாங்கியது, தானும் ஆக்கியது, இரண்டையும் நூலில் பதிந்தது.

ஜவ்ஹர் தோன்றும் விதம்

அபூ ரைஹான் அல்பீரூனீ (கி.பி. 973–1048) தம் இறுதிக் காலத்தில் இயற்றிய 'கிதாபுல் ஜமாஹிர் ஃபீ மஃரிஃபதில் ஜவாஹிர்' என்னும் நூலில் இரும்புக்கு ஓர் இயல் ஒதுக்கினார். மூசையில் இட்டவை முற்றும் ஒன்றாக உருகிக் கலந்துவிட்டால் கிடைக்கும் உருக்கு ஒரே சீராக இருக்கும், அது அரம் செய்ய ஏற்றது. அவை சமமாகக் கலவாமல் ஒன்றுள் ஒன்று விரவி நிற்குமாயின் இரண்டின் நிறமும் கண்ணுக்கு வேறுவேறாகத் தோன்றும், அதுவே ஃபிரிந்த். இது அவர் தரும் விளக்கத்தின் சாரம். திமஷ்க் நகரத்துக் கொல்லர் மஸ்யத் இப்னு அலீ வாள்களைப் பற்றி நூல் எழுதியதையும் அல்பீரூனீ குறிப்பிடுகிறார். உலைமுன் நின்ற ஒரு கொல்லரை நூலாசிரியராக மதித்து மேற்கோள் காட்டிய அப்பண்பு நம் கவனத்துக்குரியது.

இன்றைய உலோகவியல் இதனை மேலும் நுணுகி விளக்குகிறது. இவ்வுருக்கில் கரிமம் ஏறத்தாழ 1.5 விழுக்காடு உண்டு. வார்த்த கட்டி மெல்ல ஆறும்போதும், பின்னர் மிகையான வெப்பமின்றிச் செந்தணலில் பலமுறை அடிக்கப்படும்போதும், இரும்பும் கரிமமும் கூடிய ஸிமென்டைட் என்னும் கடினமான துகள்கள் வரிவரியாக அணிவகுக்கின்றன. தாதுவில் இயற்கையாகக் கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்களின் மிகச் சிறிய அளவே இவ்வரிசைக்குக் காரணம் என்பதை ஜான் வெர்ஹோவன், கொல்லர் ஆல்ஃப்ரெட் பென்ட்ரே ஆகியோர் 1990களில் செய்முறையால் காட்டினர்.

ஆனால் உலையிலிருந்து வந்த வாளில் இவ்வரிகள் வெளிப்படத் தெரிவதில்லை. சாம்பல் நிற இரும்புப் பலகையாகவே அது தோன்றும். இங்குதான் ஸைகலின் பணி தொடங்குகிறது.

ஸைகலின் பட்டறை

அவன் பணி இரு கட்டங்களை உடையது. முதலாவது தேய்ப்பு. கரடான கல்லில் தொடங்கி, படிப்படியாக மென்மையான பொடிகளுக்கு வந்து, ஒவ்வொரு படியிலும் முந்திய படியின் கீறல்களை முற்றும் நீக்குதல். இரண்டாவது வெளிப்படுத்தல். அரபு நூல்கள் ஸாஜ் என்றும் நம் நாட்டு மருத்துவர்கள் அன்னபேதி என்றும் கூறும் இரும்புச் சல்ஃபேட்டின் கரைசலைத் துலக்கிய அலகின்மேல் இடும்போது, மென்மையான தளம் கருக்கும், கடினமான வரிகள் கருக்காமல் வெண்மையாக நிற்கும். கருமையான நீரின்மேல் வெள்ளி அலை ஓடுவது போன்ற காட்சி அப்போது பிறக்கிறது. தேய்ப்பில் குறை இருப்பின் வரிகளுக்குப் பதிலாகக் கீறல்களே வெளிப்படும். எனவே மருந்து, தேய்த்தவனின் திறமைக்கு வைக்கும் தேர்வுமாகும்.

அவன் தேய்க்கப் பயன்படுத்திய பொடியை அரபு மணிநூல்கள் ஸுன்பாதஜ் என்கின்றன. இந்தியாவில் அதே பணிக்குக் குருந்தக்கல் பயன்பட்டது. ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என வழங்கும் சொல், நம் 'குருந்தம்' என்னும் சொல்லின் திரிபே. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி இக்கல்லுக்குப் பெயர்பெற்றது. குருந்தப்பொடியை அரக்குடன் உருக்கிச் சேர்த்துச் சக்கரமாக வார்த்து, கயிற்றால் அல்லது வாரால் முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றும் சாணை இந்தியக் கைவினைஞரின் பழைய கருவி. ஆக, சுழலும் சக்கரம் நம் மரபுக்குப் புதியதன்று. அக்பரின் ஆயுதசாலையில் மாடு சுற்ற இயங்கி, ஒரே நேரத்தில் 16 துப்பாக்கிக் குழல்களைத் துலக்கிய சக்கரம் ஒன்றை 'ஆயினே அக்பரீ'யில் அபுல் ஃபஸ்ல் விவரிக்கிறார். சக்கரத்தில் பிழை ஏதும் இல்லை. அதன் வேகமும் அதனை ஏந்தும் அறிவுமே ஆராயத்தக்கவை.

ஸைகல் என்ற சொல் பாரசீகத்தில் ஸைகல்கர் ஆகி, வட இந்தியாவில் சிக்லிகர் என்னும் சமூகப் பெயராக இன்றும் வாழ்கிறது. அவர்களுள் சீக்கியரும் முஸ்லிம்களும் இந்துக்களும் உண்டு. தொழில் நலிந்த பின்னும் பெயர் நிலைத்திருக்கிறது.

ஃபிக்ஹ் நூல்களில் வாளின் மெருகு

இத்தொழிலின் நுட்பம் நம் சட்ட நூல்களிலும் இடம்பெற்றிருப்பதை மத்ரஸாவில் ஓதியோர் நினைவுகூர்வர். வாளில் அசுத்தம் பட்டால் துடைத்தல் போதுமா, கழுவ வேண்டுமா என்பது தஹாரத் பாடத்தில் வரும் மஸ்அலா. ஹனஃபீ மத்ஹபின் 'ஹிதாயா' துடைத்தலே போதும் என்கிறது. மெருகேறிய முகத்துக்குள் அசுத்தம் ஊடுருவாது என்பது அதன் காரணம். பிற்கால ஹனஃபீ அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) இதற்கு எல்லை வகுத்து, துரு ஏறியதும் சித்திரம் செதுக்கியதும் இச்சலுகையில் அடங்கா என்று விளக்குகிறார். ஷாஃபிஈ மத்ஹபில் துடைத்தல் போதாது, கழுவியே ஆகவேண்டும் என்று இமாம் நவவீ (ரஹ்) உரைக்கிறார்.

மாலிகீ மத்ஹபு கூறும் காரணம் நம் பொருளுக்கு மிக நெருங்கியது. அனுமதிக்கப்பட்ட இரத்தம் மெருகேறிய வாளில் பட்டால் மன்னிக்கப்படும் என்று 'முக்தஸர் கலீல்' சொல்கிறது. ஏனெனில் கழுவினால் வாள் கெட்டுவிடும். ஒரு வாளின் மெருகு பாதுகாக்கத்தக்க செல்வம் என்றும், அதனைக் காக்கத் தூய்மையின் விதியிலும் இடம் தரலாம் என்றும் அந்த அறிஞர்கள் கண்டனர். மத்ஹபுகள் முடிவில் வேறுபட்டன. ஆயினும் இவ்விவாதம் முழுவதும் உலோகத்தின் முகத்தை உற்று நோக்கியதில் பிறந்தது.

ஞானநூல்களும் இக்கலையிலிருந்து கடன் பெற்றன. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) 'இஹ்யா'வில் கூறும் ஓவியப் போட்டி புகழ்பெற்றது. ரூமியர் சுவரில் ஓவியம் தீட்ட, சீனர் எதிர்ச்சுவரைத் துலக்கி மட்டுமே வைத்தனர். திரை விலகியபோது ஓவியம் அனைத்தும் துலக்கிய சுவரில் மேலும் ஒளியுடன் தோன்றியது. மௌலானா ரூமி (ரஹ்) இரு சாராரையும் இடம் மாற்றி இக்கதையை மஸ்னவியில் சொன்னார். துலக்குதல் என்பது இல்லாததைச் சேர்ப்பதன்று, மறைப்பை நீக்குவது. இதுவே அக்கதையின் அடிப்படை.

பஃபிங் சக்கரம் செய்வது

இனி நம் காலத்துக்கு வருவோம். பருத்தித் துணி வட்டங்களை அடுக்கித் தைத்து மின்மோட்டாரின் தண்டில் பூட்டியதே பஃபிங் சக்கரம். துணி தானாகத் தேய்க்காது. அதன்மேல் அழுத்திப் பூசும் பாலிஷ் கட்டியே தேய்க்கிறது. மெழுகும் கொழுப்பும் சேர்ந்த குழைவில் தேய்பொடியைக் கலந்து கட்டியாக்குவர். கரடான வேலைக்கு எமரிப் பொடி, அடுத்து பழுப்பு நிற டிரிபோலி, இறுதிப் பளபளப்புக்குப் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு அல்லது செந்நிற ரூஜ். ரூஜ் என்பது நுண்ணிய இரும்பு ஆக்சைடு, வேதியியல் நோக்கில் துருவுக்கு உறவினன். இரும்பை அழிக்கும் பொருளின் இனமே இரும்பைத் துலக்குவது வியப்புக்குரியது.

எட்டு அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 2,880 சுற்று சுழலும்போது அதன் விளிம்பு வினாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் ஓடுகிறது. எவர்சில்வர் பாத்திரத்துக்கும் புதிதாக ஆக்கிய கத்திக்கும் இது நன்மையே செய்யும். ஒரு மணி நேர உழைப்பைச் சில நிமிடங்களில் முடிக்கும் இக்கருவியைக் குறைகூற நமக்குக் காரணம் இல்லை. பழைய வாளில் நேர்வது வேறு.

முதலாவதாக, துணி மென்மையானது. எனவே மேடு பள்ளம் அறியாமல் எங்கும் வளைந்து புகும். வாளின் நடுவரம்பும் பள்ளக்கோடுகளின் விளிம்புகளும் கூர்மை இழந்து மழுங்கும். துருக் குழிகளின் ஓரத்திலிருந்து வால்நட்சத்திரம்போல் நீண்ட தடங்கள் விழும். இரண்டாவதாக, உராய்வு வெப்பம். மெல்லிய கூர்ப்பக்கம் நொடிகளில் சூடேறும். கடினப்படுத்திய அலகில் நீல நிறம் படருமாயின் வெப்பம் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸை எட்டிவிட்டது, அவ்விடத்தின் வன்மை குறைந்துவிட்டது என்று பொருள். மூன்றாவதாக, அன்னபேதியால் வெளிப்பட்டிருந்த ஜவ்ஹர் மறைந்து, வாள் முழுவதும் கண்ணாடிபோல் ஒரே சீராக மின்னும். ஜவ்ஹர் உலோகத்தின் உள்ளும் ஓடுவதால், திறமையுள்ளோர் மீண்டும் துலக்கி மருந்திட்டால் அதனை வெளிக்கொணர இயலும். அறியாதவர் கண்ணுக்கோ அது சாதாரண இரும்பு, விலையும் அதற்கேற்பவே.

நான்காவது இழப்பை எவராலும் ஈடுசெய்ய இயலாது. வாளில் பொறித்த எழுத்தும் பொன் வேலைப்பாடும் மிக ஆழமற்றவை. கோஃப்த்கரீ என்னும் வேலையில் இரும்பின்மேல் நுண்கீறல்கள் இட்டு, அவற்றின் பற்றில் மெல்லிய பொற்கம்பியைத் தட்டிப் பதிப்பர். பொன்னின் கனம் மிகச் சிறிது. சக்கரத்தின் சில சுற்றுகளில் அது பறந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார் தம் முன்னோர் வழிவந்த வாளை, அதிலுள்ள எழுத்தைப் படித்துச் சொல்லுமாறு நம்மிடம் கொணர்ந்தனர். விருந்தினர் பார்வைக்கு வைக்கவேண்டும் என்று பாத்திரம் பாலிஷ் போடும் பட்டறையில் கொடுத்து மினுக்கியிருந்தனர். வாள் வெள்ளிபோல் பளபளத்தது. கைப்பிடியை அடுத்து 'அமல்' என்ற ஒரு சொல் மங்கலாகத் தெரிந்தது. 'இன்னார் செய்தது' என்று கொல்லன் தன் பெயரைப் பொறிக்கும் இடம் அது. செய்தவர் பெயர் இருந்த இடம் வழவழப்பாக இருந்தது. அதற்குக் கீழே ஆண்டு ஏதும் இருந்ததா என்று அக்குடும்பத்து முதியவர் வினவினார். அவருக்கு நாம் கூறத்தக்க விடை எதுவும் அந்த இரும்பில் எஞ்சியிருக்கவில்லை.

ஷா அப்பாஸ் காலத்து இஸ்ஃபஹான் கொல்லர் அஸதுல்லாஹ்வின் பெயர் பல வாள்களில் பொறிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் பிற்காலத்தார் போலியாகப் பொறித்தவையும் மிகுதி. எழுத்தின் வடிவம், பொன் பதித்த முறை, ஜவ்ஹரின் இயல்பு ஆகியவற்றை ஒப்புநோக்கியே அறிஞர் உண்மை எது, போலி எது என்று துணிகின்றனர். பளபளப்புக்காக இம்மூன்றையும் அழிப்பவர், ஒரு ஸனதின் அறிவிப்பாளர் பெயர்களை அழித்துவிட்டு ஏட்டை வெண்மையாக்கியவரைப் போன்றவர்.

செய்யத்தக்கவை

அப்படியாயின் துருவேறிய வாளை அப்படியே விட்டுவிடலாமா? கூடாது. துருவிலும் இரு வகை உண்டு. செந்நிறத்தில் பொடிப்பொடியாக உதிர்வது, இன்னும் உலோகத்தைத் தின்றுகொண்டிருப்பது. அதனை நீக்கவேண்டும். கருமையாக இறுகி வழவழப்பாக இருப்பது காலம் போர்த்திய போர்வை. அதனைத் தொடாதிருத்தலே நன்று.

முதற்பணி, வாளின் இரு பக்கங்களையும் சாய்ந்த ஒளியில் நிழற்படம் எடுத்தல். எழுத்து இருப்பின் அரபு, பாரசீகம் அறிந்தவரைக்கொண்டு படித்துப் பதிதல். அதன் பின்னரே துடைப்பு. மென்மையான இயந்திர எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, மூங்கில் சீவலால் துருவை மெல்ல நீக்கலாம். எழுத்தும் பொன்னும் இல்லாத இடத்தில் மட்டும் மிக நுண்ணிய எஃகுப் பஞ்சை எண்ணெயுடன் பயன்படுத்தலாம். உப்புத்தாள், அமிலம், எலுமிச்சை, புளி ஆகியவை கூடா. முன்பே பஃபிங் செய்த வாளாயின், குழிகளில் தங்கிய மெழுகுக் குழைவு ஈரத்தையும் தூசியையும் பிடித்துவைக்கும். அதனை ஸ்பிரிட்டால் கரைத்து அகற்றுதல் நலம். இறுதியில் அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மெல்லியதாகப் பூசி, பருத்திக் கையுறையுடன் கையாண்டு, உலர்ந்த இடத்தில் வைக்கவேண்டும். விரலின் வியர்வை உப்பு ஒன்றே கைரேகையைத் துருவாகப் பதிக்கப் போதுமானது. தோலுறை ஈரத்தை ஈர்க்குமாதலால் வாளை அதனுள் நிலையாக வைத்தலும் கூடாது. ஜவ்ஹரை மீட்கும் பணியைப் பயிற்சி பெற்ற பேணுநரிடமே ஒப்படைக்கவேண்டும்.

மூசை உருக்கு வார்க்கும் கலை 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் நலிந்து மறைந்தது. அதன் இரகசியத்தை அறிய மைக்கேல் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் ஆகியோர் லண்டனிலும், ஆனோஸவ் ரஷ்யாவின் ஸ்லாட்டவுஸ்ட்டிலும் பல்லாண்டு உழைத்தனர். பழைய வாள்களும் உருக்குக் கட்டிகளுமே அவர்களுக்கு ஆசான்கள். இன்றும் ஆய்வாளர்களுக்கு அவையே மூல நூல்கள். கையெழுத்துப் பிரதி ஒன்று நம் இல்லத்தில் இருப்பின் மை மங்கிவிட்டது என்று அதன்மேல் வெள்ளை பூச நாம் துணியோம். வாளும் அவ்வாறான ஒரு கையெழுத்துப் பிரதியே. அதன் உடைமையாளர் அதன் வாசகர்களுக்கு அமானிதம் காப்பவர். தம் இல்லத்திலோ தர்காவிலோ பள்ளிவாசலிலோ இத்தகைய பழம்பொருளை வைத்திருப்போர், அதனைப் பட்டறைக்கு அனுப்புமுன் அதில் எழுதியிருப்பதை ஒருமுறை படிக்கச் செய்வார்களாக.